பக்கத்தில் இருந்தது யார்? சின்னப் பிள்ளைகள் கம்பியூட்டரில் படம் கீறிய வரலாறு

"உங்கட ஊர் வரலாற்றை எழுதிட்டு வாங்க" என்று கலைப்பீடத்தில் சொன்னால், புத்தளம் பக்கத்துப் பிள்ளைகள் எழுதுகிற கட்டுரைக்கு ஒரு அச்சு இருக்கிறது. 1344இல் இப்னு பதூதா வந்தார், ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார். 1667இல் ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். பிறகு உப்பு, தென்னை, தலவில் அன்னம்மாள் கோயில். கடைசிப் பந்தியில் நுரைச்சோலை அனல்மின் நிலையம். முதலாம் வருடத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது.

ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு இடத்திலும் நாலு வயதுப் பிள்ளை ஒன்று இல்லை. ராஜா இருக்கிறார், கோட்டை இருக்கிறது, உலை இருக்கிறது. மணலில் குந்திக்கொண்டு படம் கீறுகிற பிள்ளை இல்லை. அதனால் இந்த முறை சின்ன விசயம் ஒன்றின் வரலாற்றை எழுதுகிறேன். இன்னும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் படம் கீறுவதற்காகச் செய்யப்பட்ட கம்பியூட்டர் புரோகிராம்கள். "இதுக்கெல்லாம் வரலாறா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதில் எங்கட வீட்டுக்கும் ஒரு இடம் இருக்கிறது.

மணல்

உம்மா நுரைச்சோலையில் பிறந்தவ இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவவுக்கு பத்து வயது. மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்த குடும்பம். அந்த நாட்களில் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட மக்களில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்குத்தான். கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை என்று கரை நெடுகவும் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின.

அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் உம்மா பசியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டா. கொப்பி இல்லாததைப் பற்றிச் சொல்லுவா. வரும்போது ஒருத்தரும் புத்தகப் பையைத் தூக்கவில்லை. அதனால் பிள்ளைகள் மணலில் எழுதினார்கள், மணலில் கணக்குச் செய்தார்கள், மணலில் படம் கீறினார்கள். உம்மா ஒவ்வொரு நாளும் கீறின படம் ஒன்றுதான்: மன்னாரில் விட்டுவந்த வீடு. கிணறு எந்தப் பக்கம், முருங்கை மரம் எந்தப் பக்கம் என்று மறக்காமல் இருக்க. பிழைத்தால் உள்ளங்கையால் ஒரு தடவு. திரும்ப முதலில் இருந்து.

"அழிச்சா ஒருத்தரும் ஏசல்ல. மணல்தானே," என்றா ஒரு நாள்.

இந்த வசனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்க. கட்டுரை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

தொடாதே

எனக்கு ஏழு வயதில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் சேர்த்தார்கள். எந்த வகுப்பு, யார் நடத்தினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. செருப்பைக் கழற்றி வெளியில் வைக்க வேண்டும். திரைக்கு மேல் பூப்போட்ட உறை. ஒரு மெசினுக்கு நாலு பிள்ளைகள். முதல் பாடம் பெயின்ட். வீடு கீறச் சொன்னார்கள்.

என் முறை வந்தது. மவுஸ் கைக்குள் அடங்கவில்லை. எதிலோ அழுத்துப்பட்டது, பக்கத்தில் இருந்த கருவிகளின் பட்டை முழுக்க மறைந்து போனது. நான் ஒன்றும் செய்யவில்லை, உண்மையாகவே ஒன்றும் செய்யவில்லை. மேசையில் பிரம்பு ஒரு தட்டுத் தட்டியது. "ஒழுங்கா இருக்கிறதெண்டா தொடு. இல்லாட்டி மத்தவங்க செய்றத பார்த்துட்டு இரு." மிச்ச மூன்று மாசமும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முடிவில் எனக்கும் சான்றிதழ் தந்தார்கள். உம்மா அதை பிரேம் போட்டு மாட்டினா.

பிழை என்னுடையது என்றுதான் பல வருடம் நினைத்தேன். எனக்குக் கம்பியூட்டர் வராது என்று முடிவெடுத்ததே அன்றைக்குத்தான். பிறகு ஒரு நாள் சும்மா தேடி வாசித்துக்கொண்டிருந்தபோது தெரியவந்தது: 1988இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கும் இதேதான் நடந்தது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர் மேசையில் தட்டவில்லை. பிழை பிள்ளையிடமா, புரோகிராமிலா என்று யோசித்தார்.

பெரியவர்களுக்கான பேனா

அந்தப் பையனிடம் போவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னுக்குப் போவம். கம்பியூட்டர் திரையில் கையால் கீறலாம் என்று காட்டிய ஆரம்பகால முயற்சிகளில் பெயர்பெற்றது 1963இல் ஐவன் சதர்லாண்ட் செய்த ஸ்கெட்ச்பேட். அது எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுகூடத்தில் ஓடியது, ஒளிப் பேனாவால் கோடு கீற. பொறியியல் வரைபடம் போடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. பிள்ளைகள் அந்தக் கதைக்குள்ளேயே இல்லை.

பிள்ளைகளைக் கதைக்குள் கொண்டுவந்தது 1967இல் பிறந்த லோகோ மொழி. சீமோர் பேப்பர்ட், சிந்தியா சொலமன், வோலி பியர்ஸெய்க் ஆகியோரின் வேலை. ஒரு ஆமைக்குக் கட்டளை கொடுத்தால் அது நகர்ந்து கோடு போடும். அருமையான யோசனை. ஆனால் கட்டளையைத் தட்டச்சுச் செய்ய வேண்டும். எழுத்துத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கு எழுபதுகளின் நடுவில் எம்.ஐ.டி.யில் ஒரு பெண் பதில் செய்தார். அவர் பெயர் ரேடியா பெர்ல்மன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்காக டோர்ட்டிஸ் என்ற பொத்தான் பெட்டிகளை உருவாக்கினார். முன்னே போ, பின்னே போ, திரும்பு, பேனாவைத் தூக்கு, பேனாவை இறக்கு. அழுத்தினால் ஆமை செய்யும். அதை முதலில் பழகிய பிறகுதான் எண்களுக்கு ஒரு பெட்டி, கட்டளைகளைச் சேர்த்து வைக்க ஒரு பெட்டி. ஒரேயடியாக எல்லாவற்றையும் பிள்ளையின் முன்னால் கொட்டவில்லை.

இந்தக் கதையில் எனக்குக் குத்தின இடம் ஒன்று இருக்கிறது. பெர்ல்மன் அந்த வேலையைத் தொடரவில்லை. ஆண்கள் நிறைந்த அந்த இடத்தில் தன்னை ஒரு விஞ்ஞானியாக மதிக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்தால் அப்படி மதிக்க மாட்டார்களோ என்று தனக்குக் கூச்சமாக இருந்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அவர் கணினி வலையமைப்புத் துறையில் உலகமே மதிக்கிற ஆளாக வந்தார், அது வேறு கதை. ஆனால் பாருங்க, சின்னப் பிள்ளைகளுக்கான வேலை சின்ன வேலை என்ற எண்ணம் எம்.ஐ.டி. வரைக்கும் இருந்திருக்கிறது. எங்கட ஊர் முன்பள்ளி டீச்சர்மாரின் சம்பளத்தை நினைத்தால் அது இன்னும் போகவில்லை என்று விளங்கும்.

பென் என்ற பிள்ளை

1984இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டொஷ் வந்தது. அதோடு பில் அட்கின்சன் எழுதிய மெக்பெயின்ட்டும் வந்தது. மவுஸைப் பிடித்து இழுத்தால் கோடு. அடுத்த வருடம் வந்த விண்டோஸின் முதல் பதிப்போடும் ஒரு பெயின்ட் இருந்தது. வீட்டில் கம்பியூட்டர் வைத்திருந்த ஆட்கள் முதன்முதலாகச் சும்மா கீறி விளையாடத் தொடங்கினது இந்தக் காலத்தில்தான்.

கிரேக் ஹிக்மன் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் கலை கற்பித்தவர், புகைப்படக் கலைஞர். 1988இல் அவருடைய மூன்று வயது மகன் பென் மெக்பெயின்ட்டில் கீறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். பிள்ளைக்கு மவுஸ் பிடிபட்டுவிட்டது. கோடு, நிறைத்தல், அழித்தல் எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் கை கொஞ்சம் தவறி மேலே பட்டால் மெனு விரிகிறது, கேட்காத ஒன்று திறந்து படத்தை மறைக்கிறது. ஒவ்வொரு முறையும் வாப்பா வந்து மீட்க வேண்டும்.

நான் இருந்த வகுப்பில் இதற்குப் பெயர் "ஒழுங்கில்லாமை". ஹிக்மன் இதை புரோகிராமின் குறை என்று எடுத்துக்கொண்டார். மெனு இல்லாமலே எல்லாம் செய்யக்கூடிய ஒரு புரோகிராமை மகனுக்காக எழுதத் தொடங்கினார். அதுதான் கிட் பிக்ஸ். 1989இல் முதலில் இலவசமாகவே வெளியிட்டார். 1991இல் புரோடர்பண்ட் நிறுவனம் அதை விரிவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கிட் பிக்ஸைப் பெரியவர்கள் பார்த்தால் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். பென்சிலை எடுத்தால் சத்தம். படத்தின் ஒரு துண்டை இன்னொரு இடத்துக்கு மாற்ற வேண்டுமா? அதற்கு லொறி. செய்ததை மீளப்பெறுகிற பட்டனில் ஒரு மனிதனின் முகம், அழுத்தினால் "ஐயோ" என்கிற மாதிரிக் கத்துவார். அழிக்கிற கருவிகளில் ஒன்று வெடி. அழுத்தினால் முழுப் படமும் வெடித்துச் சிதறும். பெரியவர்களின் புரோகிராமில் அழிப்பது வெட்கப்பட வேண்டிய வேலை, பிழை விட்டால்தான் அழிப்போம். இதில் அழிப்பதே விளையாட்டு. பிள்ளைகள் வெடிக்க வைப்பதற்காகவே படம் கீறினார்கள்.

மெனுப் பட்டையையே மறைத்துவிடுகிற ஒரு வசதியும் அதில் இருந்தது, சின்னப் பிள்ளைகளுக்கான முறை என்று. அதைப் போட்டுவிட்டால் பிள்ளை என்ன அழுத்தினாலும் வெளியே விழுந்துவிடாது. எழுத்துகளை அழுத்தினால் பெயர் சொல்லும், ஆங்கிலத்தில் அல்லது ஸ்பானிய மொழியில். அமெரிக்காவில் அந்த இரண்டு மொழிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை யாரோ யோசித்திருக்கிறார்கள்.

சரி, கிட் பிக்ஸ் எங்கட பக்கம் வந்ததா? நான் வளர்ந்த சுற்றுவட்டாரத்தில் அதைக் கண்ட ஒருத்தரும் எனக்கு அகப்படவில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டிய பெட்டி அது, மொழியும் எங்களுடையதில்லை.

பெயர் கேட்காத பெட்டி

2002 ஜூனில் கலிபோர்னியாவில் பில் கென்ட்ரிக் என்ற புரோகிராமர் டக்ஸ் பெயின்ட்டை எழுதினார். லினக்ஸ் பாவிக்கிறவர்களிடம் ஜிம்ப் என்ற பெரிய படக் கருவி இருந்தது, ஆனால் அது பெரியவர்களையே திணறடிக்கக்கூடியது. பிள்ளைகளுக்கு எளியதாக ஒன்றும் இல்லை. கிட் பிக்ஸ் காட்டிய வழியில், ஆனால் யாரும் காசில்லாமல் எடுக்கலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், திறந்து மாற்றலாம் என்ற உரிமத்தோடு அவர் அதை வெளியிட்டார். இன்றைக்கு விண்டோஸ், மெக், லினக்ஸ், அன்ட்ரொய்ட் எல்லாவற்றிலும் ஓடுகிறது. லினக்ஸின் அடையாளமான டக்ஸ் என்ற பெங்குவின் திரையின் அடியில் நின்று, எந்தக் கருவியை என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுக்கும்.

அதன் அமைப்பைக் கொஞ்சம் பாருங்க. கீறுகிற பரப்பு எப்போதும் திரைக்குள் அடங்கும், உருட்டத் தேவையில்லை. பட்டன்கள் பெரியவை, எல்லாவற்றிலும் படம். ஒருமுறை இல்லை, பல முறை பின்னுக்குப் போகலாம், போனதைத் திரும்ப முன்னுக்கும் கொண்டுவரலாம். படத்தைச் சேமிக்கும்போது என்ன பெயர், எந்த இடம் என்று கேட்காது. தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். திறக்கும்போது பெயர்ப் பட்டியல் வராது, கீறின படங்களே சின்னதாக வரிசையாக வரும், அதில் தொட்டால் சரி. பெயர் எழுதத் தெரியாத பிள்ளைக்குத் தன் படத்தை அடையாளம் காணத் தெரியும் என்ற நம்பிக்கை அது.

மாயக் கருவிகள் என்று ஒரு தொகுதி இருக்கிறது. வானவில், செங்கல், புல். புல்லில் ஒரு கெட்டித்தனம் உண்டு: படத்தின் மேல்பக்கத்தில் போட்டால் சின்னதாக வரும், கீழ்ப்பக்கத்தில் போட்டால் பெரிதாக வரும். தூரத்தில் இருப்பது சிறியது, கிட்ட இருப்பது பெரியது என்பதை ஒருத்தரும் பாடம் எடுக்காமலே பிள்ளை கண்டுபிடிக்கும்.

தமிழ் யாருக்கு?

டக்ஸ் பெயின்ட் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் வருகிறது. தமிழும் இருக்கிறது, சிங்களமும் இருக்கிறது. எல்லாம் சம்பளம் இல்லாமல் ஆட்கள் செய்த மொழிபெயர்ப்பு. வேலை முறை எளியது: ஒரு சாதாரணக் கோப்பு, ஒரு வரி ஆங்கிலம், அதற்குக் கீழே உங்கட மொழி. புதுக் கருவி ஒன்று சேர்கிற ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து புது வரிகளை எழுதாவிட்டால் அந்த இடம் ஆங்கிலமாகவே நிற்கும்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கவே தெரியாது. பட்டன்களில் படம் இருக்கிறது. பிறகு தமிழ் என்னத்துக்கு?

பதில் எங்கட வீட்டிலேயே கிடைத்தது.

2024 டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது பழைய லெப்டொப் ஒன்றைக் கொண்டுவந்தேன். பேட்டரி செத்தது, வயர் குத்தினால்தான் உயிர் வரும். ஒரு நண்பி அதில் லினக்ஸ் போட்டுத் தந்தா. நான் டக்ஸ் பெயின்ட்டை இறக்கி, மொழியைத் தமிழாக்கி, ராத்தாட மகளிடம் கொடுத்தேன். அவளுக்கு நாலு வயது. மெனு இல்லை, மறைகிற பட்டை இல்லை. நான் ஏழு வயதில் செய்யத் தெரியாமல் நின்றதை அவள் பத்து நிமிசத்தில் தாண்டிப் போனாள்.

நான் எதிர்பார்க்காதது உம்மாவை. கம்பியூட்டர் என்றால் "எனக்கு ஏலா, நீங்க பாருங்க" என்று எழும்பிப் போகிற ஆள். எட்டாம் ஆண்டு வரைக்கும் படித்தவ, தமிழ் தெளிவாக வாசிப்பா. பிள்ளை "உம்மும்மா, இந்தத் தாரா என்ன சொல்லுது?" என்று பெங்குவினைக் காட்டிக் கேட்டாள். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தா. தமிழ். வாசித்துக் காட்டினா. பிள்ளை செய்து பார்த்தாள். "அடுத்தது?" உம்மா அடுத்ததையும் வாசித்தா. அன்றைக்கு அஸர் வரைக்கும் இரண்டு பேரும் எழும்பவில்லை.

அப்போதுதான் விளங்கினது. மொழிபெயர்ப்பு பிள்ளைக்காக மட்டும் இல்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருக்கலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. அந்த வரி ஆங்கிலத்தில் இருந்தால் பக்கத்தில் நான் இருக்கலாம், இல்லாவிட்டால் சான்றிதழ் வைத்திருக்கிற யாராவது இருக்கலாம். தமிழில் இருந்தால் உம்மா இருக்கலாம். முன்பள்ளி டீச்சர் இருக்கலாம். ஹிக்மனின் கதையும் அதுதானே. பக்கத்தில் ஒருவர் பொறுமையாக இருந்து பார்த்ததால் பிறந்த புரோகிராம் அது.

எங்கட நாட்டில் கம்பியூட்டர் கிராமத்துக்கு வந்த வரலாறு வேறு மாதிரியானது. 2003இல் தகவல் தொழில்நுட்ப முகவர் நிலையம் உருவாகி, பிறகு நெனசல நிலையங்கள் நாடு முழுக்கத் திறக்கப்பட்டன. நெனசல என்றால் அறிவுக்கூடம். பன்சல, கோயில், பள்ளிவாசல், நூலகம் என்று சனம் கூடுகிற இடங்களில் வைத்தது நல்ல யோசனைதான். எத்தனையோ பேர் அதில்தான் முதல் மின்னஞ்சல் எழுதினார்கள். ஆனால் பொதுவாக எங்கட ஆட்களின் மனதில் கம்பியூட்டர் என்பது படித்து முடிக்க வேண்டிய ஒரு கோர்ஸ். மூன்று மாசம், ஆறு மாசம், சான்றிதழ், வேலை. சும்மா தொட்டு, பிழை விட்டு, அழித்து விளையாடுகிற ஒரு பொருளாக அது எங்களிடம் வரவேயில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கதை கொஞ்சம் மாறியது. அரசுப் பாடசாலைகளில் சுதந்திர மென்பொருளைக் கொண்டுபோனார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரைக்குமான கணினிப் பாடப் புத்தகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் "களிப்பெட்டி". விளையாட்டுப் பெட்டி என்று அர்த்தம். பெயரைப் பாருங்க, அதுவே எவ்வளவு வித்தியாசம். அந்தப் பாடசாலைக் கணினிகளில் டக்ஸ் பெயின்ட்டும் இருக்கிறது. அரசாங்கம் ஒன்று மனம் வைத்தால் செய்யலாம் என்பதற்கு அது தூரத்து உதாரணம் இல்லை.

இன்னொரு விசயம், எந்தத் தமிழ்? பாடப் புத்தகத்தில் "வரைதல்". எங்கட வீட்டில் "கீறுறது". தமிழ்நாட்டில் கீறினால் காயம் வரும், எங்களிடம் கீறினால் படம் வரும். இலங்கைப் பிள்ளைக்கு அவளுடைய வீட்டுச் சொல்லிலேயே பெங்குவின் பேசினால் என்ன? அந்தக் கோப்பை எழுதுகிறவர்களில் எங்கட ஆட்கள் இருந்தால்தான் அந்தக் கேள்வியே எழும்பும்.

9 பெப்ரவரி

நியாயமான எதிர்க் கேள்வி ஒன்று இருக்கிறது, ராத்தாவே கேட்டா: "ஏற்கனவே போனைக் கையால எடுக்கிறா இல்ல. நீ வேற இதக் கொண்டுவந்து குடுக்கிறியா?" உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு, இரண்டிலிருந்து நாலு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யூடியூபில் ஒன்று முடிய இன்னொன்று தானாக வருவதும், பிள்ளை கை வைக்காவிட்டால் ஒன்றுமே நடக்காத வெள்ளைத் திரையும் ஒன்றல்ல. முதலாவதில் பிள்ளையைத் தனியே விடலாம், அதற்காகத்தான் நாங்களும் கொடுக்கிறோம். இரண்டாவதில் கொஞ்ச நேரத்தில் "இங்க பாருங்க" என்று கூப்பிடும், யாராவது போக வேண்டும். நாங்கள் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் என்று வைத்தோம், உம்மா பக்கத்தில் இருக்கிற நேரத்தில் மட்டும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். பதினொரு மணி கடந்த நேரம் நாடு முழுக்கக் கரண்ட் போன நாள் அது, உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த நேரம் சின்னவள் லெப்டொப்பில் பெரிய வேலை ஒன்றில் இருந்தாள். செங்கல் கருவியால் உயரமாக ஒரு தூண் கட்டியிருந்தாள், அது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. வாசலில் நின்றால் தெரிகிறதுதானே. பக்கத்தில் மாம்புரிப் பக்கத்துக் காற்றாலைகள், மூன்று கையோடு. கீழே புல் கருவியால் வரிசை வரிசையாகப் பச்சை. "புல்லா?" என்று கேட்டேன். "இல்ல சாச்சி, வெங்காயம்," என்றாள். கிட்ட இருக்கிற வெங்காயம் பெரிது, தூரத்து வெங்காயம் சின்னது. தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

சேமிக்கவில்லை. திரை கறுத்துப் போனது. பேட்டரி செத்த மெசின், என்ன செய்வது.

அழத் தொடங்கினாள். நான் சமாதானம் சொல்லத் தெரியாமல் நின்றேன். உம்மா ஒன்றும் பேசாமல் அவளைக் கையில் பிடித்து முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. குந்தினா. விரலால் மணலில் ஒரு கோடு போட்டா. "புகைபோக்கி எங்க வந்தது? இங்கயா?" பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு இடத்தைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுக்க வெங்காயம். பிழைத்த இடத்தை உள்ளங்கையால் தடவினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு உம்மா பக்கத்தில் தன்னுடைய படம் ஒன்றையும் கீறினா. ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு மரம். முப்பத்தைந்து வருடத்துக்குக் கிட்ட ஆகிறது. மரம் வலப் பக்கமா இடப் பக்கமா என்று ஒரு நிமிசம் யோசித்தா. பிறகு வலப் பக்கம் போட்டா.

மாலையில் சனம் நடந்து, கோழி கிளறி, இரண்டும் போய்விட்டன. மணலின் நல்ல குணமும் கெட்ட குணமும் அது ஒன்றுதான். மறுநாள் பின்னேரம் லெப்டொப்பைப் போட்டதும் உம்மா தானே வந்து உட்கார்ந்தா. "நானும் ஒண்டு கீறவா?" மவுஸ் அவவுக்கும் முதலில் அடங்கவில்லை. பேத்தி பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தாள். கிணறு கோணல், மரம் இன்னும் கோணல். ஆனால் இந்த முறை சேமித்தோம். பெயர் கேட்கவில்லை. மன்னார் வீட்டின் ஒரே படம் இப்போது அந்த மெசினில், செங்கல் தூண்களுக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் இருக்கிறது.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்த வரலாறு. பெர்ல்மன் பொத்தான் பெட்டி செய்தது, ஹிக்மன் மெனுவை மறைத்தது, கென்ட்ரிக் பெயர் கேட்காமல் சேமித்தது, பெயர் தெரியாத யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த வரிகளைத் தமிழாக்கியது, எல்லாமே பிள்ளையின் பக்கத்தில் ஒரு இடத்தைத் திறந்துவிட்ட வேலைகள்.

உங்கட வீட்டில் பழைய லெப்டொப் ஒன்று தூசு பிடித்துக் கிடந்தால் துடைத்து எடுங்க. டக்ஸ் பெயின்ட்டைப் போடுங்க, மொழியைத் தமிழாக்குங்க, முடிந்தால் பக்கத்து முன்பள்ளிக்கும் ஒன்று கொடுங்க. ஆங்கிலமாக நிற்கிற வரி ஒன்றைக் கண்டால் தமிழாக்கி அனுப்புங்க. எழுத்துப் பிழை வரும், பரவாயில்லை, அழித்துத் திருத்தலாம். ஆனால் ஒன்று: போட்டுக் கொடுத்துவிட்டு நீங்க எழும்பிப் போகாதீங்க. உம்மாவைக் கூப்பிட்டு உட்கார வையுங்க.